நேர்கட்டை லீவர் ரைபிள்: முதல் துப்பாக்கியைத் தேடிப் போகிறவர்களுக்கு

தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் பென்சில்வேனியாவின் பல ஊர்ப் பள்ளிகளில் மான் வேட்டைக்காகவே ஒரு நாள் விடுமுறை விடுவார்கள். இங்கே குடிவந்த புதிதில் யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவர் காரில் ஏற்றிக்கொண்டிருந்த ரைபிளைப் பார்த்ததும் என் கண் அதிலேயே நின்றுவிட்டது. சினிமாவில் குதிரைவீரன் சேணத்தில் செருகி வைத்திருப்பானே, அதே துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர்; அதைத் தள்ளி மூடினால் காலித் தோட்டா வெளியே போய் அடுத்தது ஏறும். அதற்குப் பின்னால் தோளில் அணைக்கும் மரக்கட்டை எங்கும் வளையாமல் நேராகத் தோள் வரைக்கும் ஓடுகிறது.

அந்த நேர்க்கோடுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம். வேட்டை ரைபிள்கள் பலவற்றில் விசைக்குப் பின்னால் கட்டை கீழே வளைந்து கைப்பிடி மாதிரி இறங்கும். பிஸ்டல் கிரிப் என்பார்கள். அது இல்லாதது நேர்கட்டை. சேண உறையிலிருந்து உருவும்போது எங்கும் மாட்டாது, லீவரை இழுத்து மூடும்போது மணிக்கட்டு மடங்க வேண்டியதில்லை, ரிசீவருக்கு (இயங்கும் பாகங்கள் அடங்கிய நடு இரும்புப் பகுதி) அடியில் கையைக் கொடுத்தால் தராசு முள் மாதிரி சமநிலையில் நிற்கும். சுடும்போது பிஸ்டல் கிரிப்தான் வசதி என்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நாளெல்லாம் கையில் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் நேர்கட்டையை விடமாட்டார்கள்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் தவறுகிற இடம் இது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. ஆனால் ‘நண்பன் சொன்னான்’ என்று இதில் இறங்கக்கூடாது, ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தப்பினால் குடியேற்றக் கோப்பே சிக்கலாகும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சியில் ரைபிள் வாங்கவே அடையாள அட்டை வேண்டும். இல்லினாய்ஸிலும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் பணம் கட்டி 10 நாள் காத்திருக்க வேண்டும். கடையில் வாங்கினால் 4473 என்ற படிவத்தை நிரப்பவேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். வேறு மாநிலத்துக்காரரிடம் இணையத்தில் வாங்கினாலும் பொதுவாகத் துப்பாக்கி உங்கள் வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் வந்து, அங்கே படிவம் நிரப்பிய பிறகுதான் கைக்கு வரும்.

சேகரிப்பவர்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி மத்திய சட்டத்தின் கண்ணில் பழம்பொருள், அதற்கு அந்தப் படிவம் கிடையாது. 50 வயது தாண்டி, மாற்றம் செய்யப்படாமல் இருக்கும் ரைபிள்களுக்குச் சேகரிப்பாளர் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். அது கையில் இருந்தால் இப்படிப்பட்ட ரைபிள்களை நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம், மாநிலச் சட்டம் குறுக்கே நிற்காதவரை. பதிலுக்கு, வந்ததையும் போனதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். இரண்டாவது, மூன்றாவது துப்பாக்கி வாங்கும்போது இந்த உரிமத்தை யோசித்தால் போதும், முதலுக்கு அவசரமில்லை.

ஒரே ஒரு மாடலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆசைப்பட்டு எதையும் தெரியாமல் வாங்குவார்கள். ஒரு மாடலை எடுத்து, அதன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எப்படி இருக்கவேண்டும் என்று மனப்பாடம் ஆகும்வரை அதிலேயே இருங்கள்.

என் யோசனை வின்செஸ்டர் 94. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1894ல் வந்தது. அடுத்த ஆண்டே .30-30 தோட்டாவும் வந்தது. புகையில்லா வெடிமருந்துக்கென்றே அமெரிக்காவில் வந்த ஆரம்பகால வேட்டைத் தோட்டாக்களில் இது ஒன்று. மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். பத்து லட்சமாவது துப்பாக்கி 1927ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்குப் போனது. இத்தனை இருப்பதால் நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வாய்ப்பு நிறைய. உதிரிபாகமும் தோட்டாவும் எங்கும் கிடைக்கும்.

94 பற்றிப் பேசினால் ‘ப்ரீ சிக்ஸ்டி-ஃபோர்’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 1964ல் செலவைக் குறைக்கத் தொழிற்சாலை செய்முறையை மாற்றியது. தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பாகம் முன்பு கனமான எஃகில் கடைந்தது. அதற்குப் பதில் தகட்டை அடித்து வளைத்துப் போட்டார்கள். ரிசீவர் எஃகும் மாறியது. அந்தக் காலத்து ரிசீவர்கள் பலவற்றில் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் வழக்கமான நீலப்பூச்சு பிடிக்காது, துரு வந்தால் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. சுடுவதற்கு அவையும் நன்றாகத்தான் சுடும். சேகரிக்க என்றால் 1964க்கு முந்தையதைத் தேடுங்கள். பிற்பாடு 1982ல் காலித் தோட்டா பக்கவாட்டில் தெறிக்கும்படி மாற்றினார்கள், 1992ல் ரிசீவருக்குக் குறுக்கே ஒரு சேஃப்டி பொத்தானைச் செருகினார்கள். அந்தப் பொத்தானைப் பார்த்தாலே பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006ல் மூடியது. இன்று வரும் புதிய வின்செஸ்டர் 94கள் ஜப்பானில் மிரோகு நிறுவனம் செய்வது. வேலை அருமை, ஆனால் அது வேறு கதை.

மார்லின் பிடித்திருந்தால் கவனம். மார்லினின் புகழ்பெற்ற 336 பெரும்பாலும் பிஸ்டல் கிரிப்போடு வந்தது. நேர்கட்டை வேண்டுமென்றால் 1954லிருந்து வந்த 336டி, ‘டெக்ஸன்’ என்பார்கள், அதைத் தேடவேண்டும். காலித் தோட்டா பக்கவாட்டில் போவதால் ரிசீவரின் மேல்புறம் மூடியே இருக்கும், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்த வசதி. 1973லிருந்து கனெக்டிகட்டில் செய்த மார்லினில் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100லிருந்து கழித்தால் ஆண்டு வந்துவிடும்: 25 என்று தொடங்கினால் 1975. குழலில் ‘ஜே.எம்.’ என்ற சிறு முத்திரை இருந்தால் அது பழைய கனெக்டிகட் தொழிற்சாலைத் தயாரிப்பு. ரெமிங்டன் மார்லினை வாங்கியது 2007 கடைசியில். அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளின் வேலைப்பாடு பற்றி நல்ல வார்த்தை கேட்பது அபூர்வம். 2020ல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கிக்கொண்டது. இப்போது வருபவை நன்றாகவே இருக்கின்றன.

மூன்றாவது, என் சொந்த பலவீனம்: சாவேஜ் 99. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் 1890களில் நியூயார்க்கின் யூட்டிகாவில் தொடங்கியது. தோட்டாவைச் சுடவைக்கும் சுத்தி வெளியே தெரியாது. மற்ற இரண்டைப்போலக் குழலுக்கு அடியில் தோட்டாக் குழாய் கிடையாது; தோட்டாக்கள் ரிசீவருக்குள் ஒரு சுழலும் உருளையில் உட்காரும். பழைய மாடல்களில் இடதுபக்கம் ஒரு சின்ன ஜன்னல், உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று எண் காட்டும். 120 வருஷத்துக்கு முந்தைய மூளை! நேர்கட்டைக்கு 99ஏ, 99எச் போன்றவற்றைப் பாருங்கள். 1949லிருந்து பல ஆண்டுகளுக்கு லீவரின் அடிக்கணுவில் ஒரு முட்டை வடிவத்துக்குள் சின்ன ஆங்கில எழுத்து இருக்கும், அதுதான் ஆண்டு.

வின்செஸ்டர் 1895ஐச் சொல்லாமல் போனால் நம்மூர்க்காரர்கள் கோபிப்பார்கள். பெட்டி மேகசின் (தோட்டா அடுக்கும் இடம்) வைத்த பெரிய லீவர் ரைபிள். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. பெங்களூரிலிருந்து பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளுக்கு ஆட்கொல்லிகளைத் தேடி வந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததும் இதே மாடல்தான், .405 தோட்டா. விலை அதிகம். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

எங்கே, எப்போது

ஊர்ப்புறத் துப்பாக்கிக் கடைகளின் ‘யூஸ்டு’ அலமாரி, அடகுக் கடை, பண்ணை ஏலம், துப்பாக்கிச் சந்தை, இணைய ஏலம். ஓக்லஹோமாவின் டல்சாவில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் சந்தைக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள், வாங்க அல்ல, பார்க்க. ஒரே நாளில் நூறு 94களைக் கையில் எடுத்தால் ஆறு மாதம் படம் பார்த்துக் கற்பதைவிட அதிகம் தெரியும்.

செப்டம்பர், அக்டோபரில் வாங்காதீர்கள். மான் சீசனுக்கு முன் எல்லோருக்கும் ரைபிள் வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் கடன் அட்டை பில் வந்திருக்கும், சீசனும் முடிந்திருக்கும். என்னிடம் இருப்பதில் நல்லவை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வாங்கியவை. ஏலத்தில் வாங்குகிறீர்கள் என்றால் சுத்தி விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன், அனுப்பும் கூலி, உங்கள் பெயருக்கு மாற்றித்தர உள்ளூர் வியாபாரி வாங்கும் கட்டணம் எல்லாம் சேரும். முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

பெட்டியோடு வரும் நினைவுப் பதிப்பு 94களை மேசை மேசையாகக் காட்டுவார்கள். எருமைத் தலை, தங்க முலாம், பதக்கம். 1966ன் நூற்றாண்டுப் பதிப்பு மட்டுமே லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஒரு தோட்டா சுட்டால் அதன் ‘புதுசு’ போய்விடும், சுடாமல் வைத்தால் அலங்காரப் பொருள். தாண்டிப் போங்கள்.

மேசைக்கு முன்னால் ஐந்து நிமிடம்

அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். குழல் யாரையும் பார்க்கக்கூடாது. லீவரைக் கீழே தள்ளி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகசின் குழாயிலும் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சந்தையில் பிளாஸ்டிக் பட்டை போட்டு லீவரைக் கட்டியிருப்பார்கள், வெட்டச் சொல்லிக் கேட்டால் வெட்டித் தருவார்கள். வெட்டமாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.

சீரியல் எண்ணைப் பாருங்கள். சுரண்டியோ ராவியோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பேரம் பேசவே வேண்டாம், அது குற்றம்.

அடுத்து ஸ்க்ரூக்கள். புதியவர்கள் குழலையும் மரத்தையும் பார்ப்பார்கள். அனுபவசாலி முதலில் ஸ்க்ரூ தலையைப் பார்ப்பார். வெட்டு மெல்லியதாக, ஓரம் கூர்மையாக இருந்தால் உள்ளே கை பட்டதில்லை. ஓரம் கிழிந்து வாய் அகன்றிருந்தால் யாரோ சமையலறை ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போயிருக்கிறார். எதற்குப் போனார் என்று கேட்கவேண்டும்.

பிறகு மரமும் இரும்பும் சேருமிடம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் மரம் இரும்பைவிட ஒரு இழை உயரமாக நிற்கும். கண்ணை மூடி, ரிசீவரிலிருந்து கட்டைக்குக் கட்டைவிரலை இழுத்துப் பாருங்கள். விரல் ஒரு சின்னப் படி ஏறவேண்டும். இறங்கினால் அந்தக் கட்டையைத் தேய்த்திருக்கிறார்கள். பின்பக்கத் தகட்டின் ஓரத்திலும் இதே சோதனை. சாவேஜ் என்றால் ரிசீவருக்குப் பின்னால் கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசலைத் தேடுங்கள், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து. அந்த மாடலின் பரம்பரை வியாதி அது. எண்ணெய் நிறையப் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பு.

நேர்கட்டைக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பிஸ்டல் கிரிப் மாடலின் லீவர் கட்டையின் வளைவைத் தொட்டுக்கொண்டு தானும் வளையும். நேர்கட்டையின் லீவர் நேராகப் போகும். மார்லினில் விசைக்குப் பின்னால் ஓடும் கீழ்ப்பட்டையும் இப்படியே மாறும். சாதாரண 336க்கு நேர்கட்டை மாட்டி ‘டெக்ஸன்’ என்று விற்பதுண்டு. ஒருமுறை எனக்கே காட்டினார்கள்; மரத்தின் நேர்க்கோட்டுக்கும் லீவருக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் போகிற இடைவெளி. குழலில் பொறித்த மாடல் பெயரையும் படித்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

நீலப்பூச்சுக்கு வருவோம். தேய்ந்த நீலம் குற்றமல்ல. காட்டில் தூக்கிக்கொண்டு நடந்த 94ல் ரிசீவரின் அடிவயிறு, சமநிலை பிடிக்கும் இடம், வெள்ளி மாதிரி வழவழத்திருக்கும். மற்ற இடம் பழுப்பு. அது அறுபது வருஷம் ஒரு கை பிடித்த அடையாளம். பயப்படவேண்டியது பளபளப்புக்குத்தான். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, ஸ்க்ரூ துளையைச் சுற்றிக் குழிவிழுந்திருக்கிறதா, ரிசீவரின் மூலைகள் உருண்டிருக்கின்றனவா? அப்படியானால் சக்கரத்தில் தேய்த்துப் புதுப்பூச்சு போட்டிருக்கிறார்கள். சேகரிப்பு மதிப்பில் பாதிக்கு மேல் அந்தச் சக்கரத்திலேயே போய்விட்டது.

ரிசீவரில் கூடுதல் துளைகள்? பழைய 94ல் காலித் தோட்டா மேலே தெறிப்பதால் ஸ்கோப் வைக்கப் பக்கவாட்டில் துளைபோட்டிருப்பார்கள். மற்ற மாடல்களில் தொழிற்சாலையே பிற்பாடு துளை போட்டு அனுப்பியது. உங்கள் மாடலுக்கு எந்த ஆண்டில் எங்கே துளை என்பதுதான் வீட்டுப்பாடம்.

கடைசியாகக் குழலின் உட்புறம். லீவர் ரைபிளில் பின்னாலிருந்து பார்க்க முடியாது, அறையை மூடும் போல்ட் மறைக்கும். லீவரைத் திறந்து, வெள்ளைக் காகிதத்தைச் சின்னதாக மடித்து உள்ளே வைத்து, அதன்மேல் செல்போன் விளக்கை அடியுங்கள். முன்வாயிலிருந்து பார்த்தால் குழலுக்குள் வெட்டிய வரிகள் சுழன்று போவது தெரியும். கருமை துடைத்தால் போகும், குழி போகாது. முன்வாயில் வரிகள் மழுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்தத் துப்பாக்கிகளை முன்பக்கமாகத்தான் தலைமுறை தலைமுறையாகக் கம்பிவிட்டுத் துடைத்தார்கள். தேய்மானம் அங்கேதான் தொடங்கும். சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தி விரலால் மெல்லத் தள்ளுங்கள்; விழுந்தால் பழுது.

காகிதம்

வயோமிங்கின் கோடி நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலைப் பேரேடுகள் இருக்கின்றன. 1894 மாடலில் 353,999 வரையிலான சீரியல் எண்களுக்குக் கட்டணம் கட்டினால் கடிதம் தருவார்கள்: என்ன தோட்டா, எந்த வகைக் குழல், எந்தத் தேதியில் கிடங்குக்கு வந்தது. அரிய வகை என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் ‘கடிதம் இருக்கிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். தாத்தா கதையை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கதையை ரசியுங்கள், அது இலவசம்.

சுடுவதற்கு முன்

குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) முட்டும். கூர்மூக்குத் தோட்டா போட்டால் சுடும் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்குத் தோட்டா, அல்லது இதற்கென்றே செய்த மென்முனைத் தோட்டா மட்டுமே. சாவேஜ் 99, வின்செஸ்டர் 1895 இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. பழைய துப்பாக்கி எதுவானாலும் முதல் சூட்டுக்கு முன் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் காட்டிவிடுங்கள். தோட்டா கிடைக்குமா என்பதையும் வாங்குமுன் விசாரியுங்கள்: .30-30 பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையிலும் இருக்கும், .303 சாவேஜுக்கு அலையவேண்டும்.

வீட்டில்

பூட்டிய அலமாரி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணி. தோல் உறையிலும் நுரைப்பெட்டியிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துத் துரு ஏற்றும். எண்ணெய் போட்டபின் சில நாள் குழல் கீழே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மரத்தை மட்டும் தொடாதீர்கள். என் முதல் 94 1951 மாடல். வாங்கிய வாரமே உப்புத்தாள் எடுத்துக் கட்டையைத் தேய்த்து, மூன்று கோட் வார்னிஷ் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கட்டைவிரலை ரிசீவரிலிருந்து பின்னால் இழுத்தார். விரல் இறங்கியது. ‘இங்கே ஒரு கீறல் இருந்ததே, முள்வேலி பட்டது மாதிரி. அதை எங்கே?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதை விற்கவும் மனம் வரவில்லை. மழை பெய்யும் நாளில் காட்டுக்கு எடுத்துப்போவது அதைத்தான். போன நவம்பரில் கல்லில் உரசி, அதே பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது.